கொலுவுக்கு மலாயில் என்ன சொல்வது

பல்செட்டைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டுவிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு படிக்கிற என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இளசுகள் படித்தால் படிக்கட்டும், ஆட்சேபணை இல்லை. நடுவில் வந்து, "அந்தக் காலத்துல ஃபேன் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்கக் கூடாது.

போன நவராத்திரிக்குக் கோயில் மண்டபத்தில் கொலு வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு துணியில் கொட்டை எழுத்தில் 'பொம்மைக் கண்காட்சி' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். எழுதிய பையனைக் கூப்பிட்டு, கொலு என்ற சொல் என்னப்பா பாவம் செய்தது என்று கேட்டேன். "இப்ப யாருக்கும் அது புரியலை ஆன்ட்டி. ரெண்டும் ஒண்ணுதானே?" என்றான்.

ஒன்று இல்லை. கண்காட்சிக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், வராவிட்டாலும் யாரும் தேட மாட்டார்கள். கொலுவுக்கு ஆளை அழைக்க வேண்டும். அழைத்தவர் வர வேண்டும், வந்தவரை உட்கார வைக்க வேண்டும். இதில் எவ்வளவு சண்டை அடங்கியிருக்கிறது என்று ஒன்பது வயதில் மலாக்காவில், காஜா பெராங்கில் கற்றுக்கொண்டவள் நான். அதை அந்தப் பையனிடம் சொல்லத் தொடங்கினேன். அவனுக்கு போன் வந்துவிட்டது. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் காலம். ஜப்பான்காரன் வருவான் என்று யாரும் கனவில்கூட நினைக்காத வருஷம். அப்பா மலாக்காவில் ஓர் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. எனக்கு நாலு வயதாக இருக்கும்போது அம்மாவையும் என்னையும் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து கப்பலில் அழைத்து வந்தார். காஜா பெராங்கில் ஒரு பலகை வீடு. பின்பக்கம் பாண்டான் இலைப் புதர்தான் வேலி. அந்தப் புதரைத் தாண்டினால் செட்டி கம்போங், செட்டிகள் குடியிருந்த கிராமம்.

மலாக்காச் செட்டிகளை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்து, இங்கேயே வேர் பிடித்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய். கும்பிடுவது மாரியம்மன்.

புதருக்கு அடுத்த வீட்டு அம்மாளை நான் மாக்சிக் என்று கூப்பிடுவேன், மலாயில் சின்னம்மா மாதிரி. சாரோங்கும் கெபாயா என்கிற நீளச் சட்டையும் உடுத்தி, உச்சியில் கொண்டை போட்டு, அதில் மூன்று வெள்ளி ஊசி செருகியிருப்பாள். நாங்கள் வந்த புதிதில் அம்மா அவளை மலாய்க்காரி என்றே நினைத்துக்கொண்டு நன்றாகத்தான் சிரித்துப் பழகினாள். ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் அதே மாக்சிக் நெற்றி நிறைய விபூதியோடு சூடத்தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்றதைப் பார்த்தாள். அன்றோடு சிரிப்பு போயிற்று. மாக்சிக் மலாய்க்காரியாகவே இருந்திருந்தால் அம்மா கடைசிவரை சிநேகமாக இருந்திருப்பாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நம்மவள் என்று தெரிந்ததுதான் தொந்தரவாகிவிட்டது.

மாக்சிக்குக்கு என் வயதில் ஒரு மகள். அவள்தான் என் கூட்டாளி. புதரில் நாங்கள் நுழைந்து நுழைந்து ஒரு ஓட்டையே விழுந்திருந்தது. அம்மா அதை அடைக்கச் சொல்வாள். அப்பா நாளைக்கு என்பார்.

அந்த வருஷம்தான் ஊரிலிருந்து மாமா அம்மாவின் கொலுப் பொம்மைகளைக் கப்பலில் அனுப்பி வைத்தார். பெட்டியைத் திறந்தபோது வந்த வைக்கோல் வாசனையை அம்மா முகத்தை உள்ளே விட்டு முகர்ந்தாள். பிள்ளையாருக்குத் துதிக்கை நுனி போயிருந்தது. செட்டியார் பொம்மை பிழைத்திருந்தது, செட்டியாரம்மா தூளாகிக் கிடந்தாள். அம்மா அழுதுகொண்டே அரைத்த அரிசி மாவில் துதிக்கை பிடித்து ஒட்டினாள். ஐந்து வருஷமாகக் கொலு வைக்காதவள். பால் டின் வந்த மரப்பெட்டிகளை அடுக்கி, அப்பாவின் எட்டுமுழ வேட்டியை விரித்து ஐந்து படி கட்டினாள். நான் பெட்டி ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

படிகளுக்குக் கீழே தரை பிள்ளைகளின் ராஜ்யம். ஊரில் அங்கே தெப்பக்குளமும் பூங்காவும் வைப்பார்களாம். எனக்கு ஊர் என்றால் மலாக்காதான். அதைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். கூட்டாளி வந்தாள். உடைந்த கண்ணாடித் துண்டு ஆறாயிற்று. தெங்கேரா கடற்கரை மணல் கரையாயிற்று. தீப்பெட்டிகளுக்குக் காவி பூசி ஆற்றங்கரைச் சிவப்புக் கட்டடம் செய்தோம். உஜோங் பாசிரில் பொறுக்கிய கிளிஞ்சல்களைப் படகாக மிதக்கவிட்டோம். கடுகு முளைக்கப் போட்ட ஒரு சட்டியை வயலாக ஓரத்தில் வைத்தோம். களிமண் வேலை எல்லாம் அவள் கை. இரண்டு முனையும் எருமைக் கொம்பாக வளைந்த கூரையோடு மாட்டுவண்டி செய்தாள் பாருங்கள், அந்த மாடு திரும்பிப் பார்க்குமோ என்று இருந்தது.

பேச்செல்லாம் மலாயில்தான். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு தரம் கேட்டாள், இரண்டு தரம் கேட்டாள், மூன்றாம் தரம் உள்ளே வந்தாள். "கொலு முன்னாடி தமிழ்தான் பேசணும். அம்பாள் காதுல மலாய் விழக் கூடாது." என் கூட்டாளிக்குத் தமிழ் வராது. ஆகவே அன்று மீதி நேரமெல்லாம் ஊமைச் சாடையில் ஊரைக் கட்டினோம்.

சாயங்காலம் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "அப்பா, கொலுன்னா என்னா அர்த்தம்?" என்று கேட்டேன்.

"ராஜா சிம்மாசனத்துல உக்காந்திருக்க, மந்திரி, தளபதி, குடிசனம் எல்லாம் முன்னாடி நிக்கிறது. கொலு வீற்றிருக்கிறார்னு கதையில வரும்ல, அதான்."

"அது தமிழ்தானே?"

"தெலுங்குலேர்ந்து வந்ததுங்கிறாங்க. எங்க ஆபீஸ்ல ஒரு தெலுங்குக்காரர் இருக்காரு, அவங்க கொலுவுன்னு சொல்வாங்களாம். சபைக்கும் அதே சொல்லு, சேவகத்துக்கும் அதே சொல்லு. நம்ம தஞ்சாவூர்ச் சீமையை நாயக்கமார் ஆண்டப்ப வந்து ஒட்டிக்கிட்டிருக்கும்."

"அப்ப நம்ம வீட்டுல இருக்கிறது சின்ன சபையா?"

"உலகத்தையே சின்னதா செஞ்சு வச்சிருக்கு. மேல சாமி, அதுக்குக் கீழ மனுசன், அதுக்கும் கீழ ஆடுமாடு. எல்லாம் அம்பாள் முன்னாடி வந்து நிக்குது."

"எல்லாரும் வரணுமா?"

"பின்னே? ஆள் குறைஞ்சா அது என்னா சபை?"

பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னார். இதற்குப் பின்னால் வரப்போகிற வினை அவருக்குத் தெரியாது. எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போயிற்று. வேறு பாஷையிலிருந்து வந்து நம்மோடு இருந்துவிட்ட சொல்லை அம்மா பூஜையறை வரை விட்டிருக்கிறாள், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளை மட்டும் விட மாட்டேன் என்கிறாளே என்று அப்போதே தோன்றியது. இவ்வளவு தெளிவாக இல்லை. வெறும் எரிச்சலாகத் தோன்றியது.

அமாவாசையன்று அம்மா கலசம் வைத்து, விளக்கேற்றி, கும்பிட்டுத் திரும்பிச் சொன்னாள்: "இனிமே விஜயதசமி வரைக்கும் ஒரு பொம்மையும் இடம் மாறக் கூடாது. யாரும் தொடக் கூடாது." அது எல்லார் வீட்டிலும் உள்ள சட்டம், உங்களுக்குத் தெரியும். சொல்லி முடித்துக் கீழே பார்த்தாள். எங்கள் மலாக்காவில், மாட்டுவண்டிக்குப் பக்கத்தில், விரல் உயரத்தில் ஒரு களிமண் பெண் நின்றுகொண்டிருந்தாள். சாரோங், கெபாயா, கொண்டையில் ஈர்க்குச்சியில் மூன்று ஊசி. விளக்கேற்றக் கால்மணி நேரம் முன்னால் கூட்டாளி புதர் வழியாகக் கொடுத்து நான் நட்டது.

"இது யாருடி?"

"மாக்சிக்."

அம்மா கையை நீட்டினாள். பாதியில் நிறுத்தினாள். அவள் போட்ட சட்டம் அவள் கையையே பிடித்துக்கொண்டது. நானும் அசையவில்லை. பிடிவாதத்தில் நான் யார் மகள்? இரண்டு நிமிஷம் யோசித்தாள். பிறகு கடுகுச் சட்டியைத் தூக்கி அந்தக் களிமண் பெண்ணுக்கு நேர் முன்னால் வைத்தாள். சட்டி பொம்மை இல்லையே! எனக்குக் கோபம் ஒரு பக்கம், இந்தச் சாமர்த்தியம் எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்ற பொறாமை ஒரு பக்கம்.

அன்று மத்தியானம் சமையலறையில் அம்மா அப்பாவிடம் பேசியது காதில் விழுந்தது. "உங்க பொண்ணு தூக்கத்துல மலாய் பேசுறா, தெரியுமா? அம்மான்னு கூப்பிட வந்து, மலாய்ல மாக்னு ஆரம்பிச்சு நிறுத்துறா. அந்த வீட்டு ஆளுங்களும் ஒரு காலத்துல நம்மளை மாதிரி வந்தவங்கதானே?" அப்பா ஏதோ சமாதானம் சொன்னார். "எனக்குப் பயமா இருக்குங்க," என்றாள் அம்மா.

அப்போது அதை மாக்சிக்கைப் பற்றிய ஏச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கு மாக்சிக்கைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அம்மா அந்தக் கெபாயாக்காரியைப் பார்த்தபோதெல்லாம் தமிழ் மறந்த தன் பேரப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாள். அது எனக்கு விளங்க நான் பேரன் பேத்தி எடுக்க வேண்டியிருந்தது. பாவம் அம்மா. அவள் பயந்தது ஒன்றும் பொய்யாகவில்லை.

மூன்றாம் நாள் அழைப்பு. பட்டுப்பாவாடை கட்டி, சடையில் பூ வைத்து, கையில் குங்குமச் சிமிழைக் கொடுத்து அம்மா வீடுகளைச் சொன்னாள். நாளைக்குப் பெரிய கிராணியம்மா வருகிறார். அதாவது அப்பாவுக்கு மேலதிகாரியின் மனைவி. மலாக்காத் தமிழ்க் குடும்பங்களில் யார் யாரோடு பேசலாம் என்பதை அவர்தான் முடிவு செய்வார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரோடு இன்னும் இரண்டு கிராணி வீட்டுப் பெண்கள்.

"பின்வீடு?"

"அவங்க வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம். நாளைக்குச் சாயந்தரம் அந்தப் பொண்ணும் இங்க இருக்கக் கூடாது."

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பாதி மலாக்காவைக் கட்டியவள் அவள். அவளுக்கு அதைப் பார்க்க இடமில்லையா? சொன்ன வீடுகளுக்கெல்லாம் போனேன். "எங்க வீட்டுல கொலு வச்சிருக்கோம், வெத்தலபாக்கு வாங்கிக்க வாங்க" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக் குங்குமம் கொடுத்தேன். வழியெல்லாம் ஆள் குறைஞ்சா அது என்னா சபை என்று எனக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். கடைசியாகப் புதர் ஓட்டையில் குனிந்து நுழைந்தேன். பாவாடையின் ஜரிகை கிழிந்தது. அதற்கு வேறு வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தே நுழைந்தேன்.

மாக்சிக் படியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மலாயில் அழைக்க ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் என்று சொல்லி, அடுத்த சொல்லுக்கு நின்றுவிட்டேன். கொலுவுக்கு மலாயில் என்ன சொல்வது? பொம்மை என்றேன். சரியாக இல்லை. விளையாட்டு இல்லை என்றேன். கடைசியில் அப்பா சொன்னதையே எடுத்துக்கொண்டேன். "ராஜா டூடோக்," ராஜா உட்கார்ந்திருக்கிறார், "எல்லாரும் முன்னால் நிற்கிறார்கள்."

மாக்சிக்கின் கை நின்றது. "ஓ! ராஜா பெர்செமாயம்!" என்றாள்.

நம்மைப் போன்றவர்கள் உட்கார்ந்தால் டூடோக். ராஜா சிம்மாசனத்தில் அமர்ந்தால் அதற்கென்றே மலாயில் தனிச்சொல், பெர்செமாயம். மலாக்கா சுல்தான்கள் இருந்த ஊர் அல்லவா, அந்தச் சொல் இல்லாமலா போகும்? வருஷக்கணக்காக அம்மா எட்டி நிறுத்திய வீட்டில் கொலுவுக்கான சொல் அச்சு அசலாக இருந்தது. எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

"உன் அம்மா அனுப்பினாளா?" என்று கேட்டாள் மாக்சிக்.

"இல்லை. நான் கூப்பிடுகிறேன்."

 மாக்சிக் தேங்காய்க் கையைச் சாரோங்கில் துடைத்துவிட்டு, குனிந்து நெற்றியைக் காட்டினாள். நான் குங்குமம் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நேராகச் சொன்னேன். ஜரிகைக்கு இரண்டு அடி விழுந்தது. மாக்சிக் விஷயத்துக்கு அடிக்கவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குங்குமம் கொடுத்து அழைத்த சுமங்கலியை வராதே என்று சொல்வது வீட்டுக்கு ஆகாது. அதுவும் எல்லார் வீட்டுச் சட்டம். "பெரிய கிராணியம்மா வர்ற நேரத்துல வராம இருந்தா சரி" என்று மட்டும் முணுமுணுத்தாள்.

அந்த நேரத்துக்குத்தான் வந்தாள்.

பெரிய கிராணியம்மா ஜமக்காளத்தின் நடுவில் உட்கார்ந்து ஒரு கீர்த்தனை பாடி முடித்திருந்தார். கூட வந்த இருவரும் தலையாட்டி ஓய்ந்திருந்தார்கள். மாக்சிக் வாசலில் செருப்பைக் கழற்றினாள். சந்தனக் கலர் கெபாயா, மார்பில் மூன்று பொன் ஊக்கு, கையில் மூடிய தட்டில் சங்குப்பூவால் நீலமாக்கிய சோற்றில் செய்த பலகாரம். பின்னால் கூட்டாளி. அம்மா வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. மாக்சிக் கொலுவைப் பார்த்துக் கைகூப்பி, "சாமி" என்றாள். அவளுக்கு வந்த தமிழ் அதுதான். ஜமக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

கூட்டாளி கீழே எங்கள் ஊரில் எதையோ தேடினாள். காணவில்லை. என்னைப் பார்த்தாள். நான் எழுந்துபோய் கடுகுச் சட்டியைத் தூக்கி ஓரத்தில் வைத்தேன்.

"இது என்னா," என்றார் பெரிய கிராணியம்மா, "கொலுவுல மலாய்க்காரி பொம்மை?" பிறகு பொம்மையையும் மாக்சிக்கையும் மாறிமாறிப் பார்த்தார். "ஓ. செட்டி கம்போங் ஆளா? நம்ம பேச்சையே விட்டவங்களாச்சே. இவங்களைச் சாமி முன்னாடி உக்கார வச்சிருக்கீங்களே. சரி, வந்தது வந்தாச்சு. கொலுவுக்கு வந்தவங்க பாடணும்ல? பாடச் சொல்லுங்க, கேப்போம்." கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

மாக்சிக்குக்கு வார்த்தை புரியவில்லை, சிரிப்பு புரிந்தது. என்னிடம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். வந்தவர்கள் ராஜாவுக்கு முன்னால் பாட வேண்டும் என்றேன். அவ்வளவுதானே என்று தலையசைத்து, முதுகை நிமிர்த்தி, பாடினாள். செட்டிக் கல்யாணங்களில் பிடில் வைத்து ஆளுக்கொரு அடியாக எடுத்துக்கட்டிப் பாடுவார்களே, டொண்டாங் சாயாங், அந்த மெட்டு. சொல் எல்லாம் அப்போதே கட்டியது. ராஜாத்தி அமர்ந்திருக்கிறாள், ஆறும் படகும் வந்து நிற்கின்றன, வேலிக்கு அந்தப்புறம் இருந்தவளும் வந்தாள் என்று போயிற்று பாட்டு. குரல் கொஞ்சம் கரகரப்பு. அம்மாவுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அவள் மாக்சிக்கின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் அடியிலேயே பெரிய கிராணியம்மா எழுந்துவிட்டார். "நாங்க கிளம்புறோம். வெத்தலபாக்கு குடுங்க."

அம்மா தட்டைக் கையில் எடுத்தாள். அப்பாவின் வேலை, மலாக்காவில் எங்களுக்கு இருந்த நாலு தமிழ் வீடுகள், எல்லாம் அந்தத் தட்டில்தான் இருந்தன. வெற்றிலை பாக்குக் கொடுத்தால் சபை முடிந்தது என்று அர்த்தம். பாடிக்கொண்டிருக்கிறவளை நிறுத்து என்று அர்த்தம். 

"பாட்டு முடியட்டுங்க," என்றாள் அம்மா.

"நாங்க போயாகணும்."

"போகணும்னா போயிட்டு வாங்க. பாட்டு முடிஞ்சாத்தான் குடுப்பேன்." தட்டைத் திரும்பக் கீழே வைத்தாள். 

மூன்று பேரும் வெற்றிலை பாக்கு வாங்காமலே படியிறங்கிப் போனார்கள். அதற்காக அப்பா ஆபீஸில் பட்ட பாடு தனி. அவர் ஒருநாளும் அதை அம்மாவிடம் சொல்லிக்காட்டியதில்லை.

மாக்சிக் பாடி முடித்தாள். அம்மா அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து குங்குமம் கொடுத்தாள், வெற்றிலை பாக்கும் மஞ்சளும் சுண்டலும் கொடுத்தாள். கூட்டாளிக்கும் கொடுத்தாள். மாக்சிக் அதை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் மலாயில் கேட்டாள்: "ராஜா எத்தனை நாள் அமர்ந்திருப்பார்? இன்னொரு நாள் வந்து பார்க்கலாமா என்று உன் அம்மாவிடம் கேள்."

நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். அவளுக்குத் தெரிந்த மலாய், காலையில் ரொட்டிக்காரனிடமும் கீரைக்காரியிடமும் பேசுகிற நாலு வார்த்தை. அதில் தேடினாள். உதடு இரண்டு தரம் அசைந்தது.

"ஹாரி-ஹாரி," என்றாள். தினமும். "ஹாரி-ஹாரி மாரி." தினமும் வாங்க.

கொலுவுக்கு முன்னால், விளக்கு எரிந்துகொண்டிருக்க, அம்பாள் காதில் விழும்படி அதைச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாக்சிக் அழைப்பை அழைப்பாகவே எடுத்துக்கொள்கிறவள். மறுநாள் சாயங்காலம் கம்போங்கிலிருந்து ஏழெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஜமக்காளம் போதவில்லை, சுண்டலும் பாதியில் தீர்ந்துவிட்டது. அவர்கள் போனதும் அம்மா அடுத்த நாளைக்கு இரண்டு மடங்கு கடலையை ஊறப் போட்டாள்.